பூட்டிய பெட்டியும் சுவரில் ஒட்டிய இலக்கும்

நீண்ட பதிவு. கல்வித்துறையிலும் மொழியியலிலும் ஆய்வு செய்யும் நண்பர்கள் பொறுமையுடன் படித்து மறுப்பார்களாயின் மகிழ்வேன்.

தொடக்கப்பள்ளிக் கணிதம் பற்றிய நம் கருத்தரங்குகளில் இரண்டு தொடர்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ஒன்று, கைகளால் செய்து கற்கும் கணிதம். மற்றொன்று, மாணவர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் இலக்கு. இரண்டும் நல்ல கருத்துகள். இரண்டுக்கும் நான் எதிரி அல்லன். ஆனால் நம் நாட்டில் இவ்விரண்டும் பிள்ளைகளின் பெயரால் அறிவிக்கப்பட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொருள்கள் அலமாரியில் இருக்கின்றன. இலக்கு சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வாயில் இருக்கும் மொழியை எவரும் கேட்பதில்லை. அந்த மொழியைக் கேளாதவரை, செயல்வழிக் கணிதமும் தன்னிலக்கும் வெறும் சடங்குகளே என்பது என் வாதம்.

எண்ணுப்பெயர்கள் குறித்த களப்பணிக்காக ஜார்க்கண்டின் சந்தால் பர்கனா பகுதியில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் சில நாள்கள் அமர்ந்திருந்தேன். வகுப்பறையில் ஒரு கணித உபகரணப் பெட்டி இருந்தது, பூட்டியிருந்தது. ஆசிரியர் நல்லவர்; பிள்ளைகளை அடிக்காதவர்; பெயர் சொல்லி அழைப்பவர். பெட்டி ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டபோது அவர் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஒரு மணி தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஆய்வுக்கு வருவோருக்குப் பெட்டி முழுமையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கை வைத்தால் அது முழுமையாக இராது. இந்தத் தருக்கத்தில் பிழையே இல்லை. பிழை, ஒரு கற்றல் பொருளை அரசுச் சொத்தாக மட்டுமே எண்ணத் தெரிந்த நிருவாகத்தில் இருக்கிறது.

பெட்டிக்கு மேலே சுவரில் வண்ணத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு சூலையில் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கத்தின் இலக்குகள் அதில் இந்தியில் அச்சிடப்பட்டிருந்தன. முதல் வகுப்பில் 99 வரை எண்கள், இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசித்தல். அத்தாளுக்குக் கீழே அமர்ந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் சந்தாலி பேசுபவர்கள். தங்கள் இலக்கைத் தாங்களே வாசிக்க இயலாதவர்களாக அவர்கள் அதன் நிழலில் இருந்தார்கள்.

பெட்டி பூட்டியிருந்தாலும் அந்த ஆசிரியர் கைகட்டி இருக்கவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம், "உந்தீஸ் காட்டு" என்றார். இந்தியில் அது இருபத்தொன்பது. அவள் மூன்று கட்டுகளையும் ஒன்பது உதிரிக் குச்சிகளையும் எடுத்து வைத்தாள்: முப்பத்தொன்பது. ஆசிரியர் தலையசைத்து மறுத்தார். அவள் ஒரு குச்சியை எடுத்தாள். பிறகு திரும்ப வைத்தாள். அப்போது பக்கத்தில் இருந்த தோழி சந்தாலியில் மெல்லச் சொன்னாள்: "பார் கெல் ஆரெ." சிறுமி உடனே ஒரு கட்டை அகற்றினாள். விடை சரியாகிவிட்டது.

இந்த நிகழ்ச்சியில் கணிதம் அறியாதவர் யார்? சிறுமி அல்லள்.

இந்தியில் 'உந்தீஸ்' என்பது 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்னும் அமைப்பிலிருந்து பிறந்த சொல். அதன் முதலுறுப்பு வடமொழியின் 'ஊன'. நாம் 'ஊனம்' என்று வழங்கும் சொல்லும் அதே வேரினது. சொல்லின் ஈற்றில் 'தீஸ்', அதாவது முப்பது, தெளிவாகக் கேட்கிறது. சிறுமி தான் கேட்டதற்கு உண்மையாக மூன்று கட்டுகளை எடுத்தாள். 29, 39, 49, 59, 69, 79 ஆகியவற்றுக்கு இந்தி இந்தக் குறைவுமுறையைக் கையாள்கிறது. 89-க்கும் 99-க்கும் வரும்போது கைவிட்டுவிடுகிறது. மற்ற எண்களில் ஒன்றின் இடம் முன்னும் பத்தின் இடம் பின்னுமாக வருகின்றன. இரண்டும் உருகி ஒட்டிக்கொள்வதால் பிரித்தறிவது அரிது. 'பைந்தீஸ்' முப்பத்தைந்து, 'பச்பன்' ஐம்பத்தைந்து. நூறு வரையுள்ள பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாகவே மனனம் செய்ய வேண்டும். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கே இது சுமை.

சந்தாலியில் 'கெல்' பத்து; 'மித்' ஒன்று. பதினொன்று 'கெல் மித்': பத்து ஒன்று. 'பார்' இரண்டு, 'ஆரெ' ஒன்பது. ஆகவே 'பார் கெல் ஆரெ' என்றால் இரண்டு பத்து ஒன்பது. குச்சிக்கட்டுகள் கண்ணுக்குக் காட்டுவதை அச்சொல் காதுக்குச் சொல்கிறது. இடமதிப்பைக் கற்பிக்க நாம் விலை கொடுத்து வாங்கும் மணிச்சரங்களும் கட்டைகளும் எதைச் செய்ய முயல்கின்றனவோ, அதை அந்தச் சிறுமியின் தாய்மொழி விலையின்றிச் செய்துகொண்டிருக்கிறது. அவள் பள்ளிக்கு வந்தபோதே ஒரு கணித உபகரணப் பெட்டியைக் கொண்டுதான் வந்தாள். பள்ளி அதை வாசலில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டது.

இவ்விடத்தில் தமிழ் நண்பர்கள் சிலர் புன்முறுவல் செய்வதை என்னால் காண முடிகிறது. தமிழிலும் இருபத்தொன்பது தெளிவானதுதானே, நம் மொழியின் பெருமையைப் பாரீர் என்று பின்னூட்டம் எழுத வேண்டாம். நம் தொண்ணூற்றுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கற்கும் தமிழ்ப் பிள்ளையும் தடுமாறுகிறது. மேலும், எண்ணுப்பெயர் தெளிவாக இருந்தால் மட்டும் கணிதம் வந்துவிடுமானால், ஏசர் அறிக்கைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வகுத்தல் திறன் நாட்டின் சராசரிக்கு மேல் உயர்ந்து நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. நான் பேசுவது மொழிப் பெருமை பற்றியன்று. எந்தப் பிள்ளையும், எந்த மொழியில் எண்ணுகிறதோ அந்த மொழியில் தன் கை செய்ததைச் சொல்ல இடம் பெற வேண்டும் என்பது பற்றி.

பொருளைக் கையில் கொடுத்தாலே புரிந்துவிடும் என்னும் நம்பிக்கை நம் கல்விக் கொள்கையாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் 'ஜாதுயி பிடாரா' என்னும் மாயப்பெட்டி அறிமுகமானது. பொம்மைகள், விளையாட்டுகள், புதிர்கள் எல்லாம் அதில் உண்டு. நல்லதே. ஆனால் பெயரே நம் மனநிலையைக் காட்டிக்கொடுக்கிறது: மாயத்தை நம்புகிறோம். அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் டெபொரா பால் 1992-லேயே இந்த மாய நம்பிக்கையை ஒரு கட்டுரையில் கேள்விக்குள்ளாக்கினார். கட்டுக்குள் பத்தைக் காண்பவர் பத்தை ஏற்கெனவே அறிந்த பெரியவர். அறியாத பிள்ளைக்கு அது குச்சிகளின் கட்டு, அவ்வளவே. கட்டு 'பத்து' ஆவது, அதைப் பற்றிப் பேசும்போது: ஏன் கட்டினாய், அவிழ்த்தால் எத்தனை, பதினைந்திலிருந்து எட்டை எடுக்க ஏன் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று கேட்டும், பிள்ளை சொல்வதை எதிர்மறுத்தும், திருத்தியும் பேசும்போது. அந்தப் பேச்சு அயல்மொழியில் நடந்தால் பிள்ளை தலையாட்டும், பேசாது.

"பள்ளிக்கு வெளியே வாழ்க்கையே கணிதம் கற்பிக்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான விலைக் கணக்குகளை மனத்திலேயே போட்டார்கள். அதே வகைக் கணக்கைப் பாடநூல் வடிவில் தந்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளின் நிலை தலைகீழ்: தாளில் ஓரளவு செய்தவர்கள் விற்பனைக் கணக்கில் தவித்தார்கள். சந்தையின் கைகளும் பள்ளியின் குறிகளும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறியவில்லை. ஏனெனில் இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டும் வேலையை எவரும் செய்யவில்லை. அந்தப் பாலம் சொற்களால் ஆனது. அதைக் கட்டுவதற்கே வகுப்பறை என்று பெயர்.

இனி இலக்குக்கு வருவோம்.

இலக்கு வகுத்துக்கொள்ளுதல் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. பந்தூராவும் ஷுங்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் பின்தங்கியும் ஆர்வமின்றியும் இருந்த 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் கழித்தல் கணக்குகளைத் தாமே கற்றார்கள். ஏழு அமர்வுகள், 42 பக்கங்கள். ஒரு குழுவுக்கு அமர்வுக்கு 6 பக்கம் என்னும் அருகிலுள்ள இலக்கு முன்மொழியப்பட்டது. இன்னொரு குழுவுக்கு 42 பக்கத்தையும் முடித்தல் என்னும் தொலைவிலுள்ள இலக்கு. மூன்றாம் குழுவுக்கு இலக்கே சொல்லப்படவில்லை. அருகிலுள்ள இலக்கைக் கொண்டவர்கள் திறனிலும் தன்னம்பிக்கையிலும் ஆர்வத்திலும் முன்னேறினார்கள். தொலைவிலுள்ள இலக்கு, இலக்கே இல்லாத நிலையைவிட மேலான பயன் எதையும் தரவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்த்தாளை மீண்டும் பாருங்கள். '9999 வரை எண்கள்' என்பது எந்தப் பிள்ளைக்கு அருகிலுள்ள இலக்கு? அது அரசின் இலக்கு. அரசுக்கு இலக்கு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஏசர் 2024 அறிக்கையின்படி ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 விழுக்காட்டினரே கழித்தல் செய்தார்கள். ஐந்தாம் வகுப்பில் 30.7 விழுக்காட்டினரே வகுத்தல் செய்தார்கள். இந்நிலையில் நிருவாகம் கணக்குக் கேட்பது முறையே. ஆனால் நிருவாகத்தின் பொறுப்புடைமையைப் பிள்ளையின் விருப்பமாக வேடமிட்டுக் காட்டுவது நேர்மையன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020, முன்னேற்ற அட்டையில் பிள்ளையின் தன்மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. நல்ல வரி. அத்தன்மதிப்பீட்டைப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் கேட்டு, ஆசிரியரே பூர்த்தி செய்து, ஒன்றியத்துக்கு அனுப்புவோமானால், அதற்குத் 'தன்' என்னும் முன்னொட்டு எதற்கு?

நம் நாட்டுக்கு இதில் முன்வரலாறு இல்லாமல் இல்லை. ஆந்திரத்தின் ரிஷி வேலி ஊரகக் கல்வி மையம் அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறையை உருவாக்கியது. 1995-இல் கர்நாடகத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கிய 'நலி கலி' அதிலிருந்து கிளைத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே ஊற்று. அம்முறையில் பிள்ளை ஏணியில் தன் படியைத் தானே கண்டு, தன் அட்டையைத் தானே எடுத்தது. நேற்று நின்ற இடமும் இன்று ஏறவேண்டிய படியும் அதன் கண்முன் இருந்தன. அருகிலுள்ள இலக்கு என்பதை இந்திய அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் செய்து பார்த்த முயற்சி அது. குறைகளும் இருந்தன: வேகம் பிள்ளையுடையது, திசை ஏணியுடையது. பல இடங்களில் ஏணி நாளடைவில் இன்னொரு பதிவேடாகிவிட்டது. எனினும் அந்த முயற்சியின் குறைகளிலிருந்து கற்பதற்குப் பதிலாக, அதை மறந்துவிட்டுச் சுவர்த்தாளுக்குத் திரும்பியிருக்கிறோம்.

அந்தச் சிறுமியிடம் அவளது இலக்கு என்னவென்று தோழி வழியாகக் கேட்டேன். முதலில் சுவரைக் காட்டினாள். அதுதான் சரியான விடை என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எதை எண்ணுவாய் என்று கேள்வியை மாற்றியபோது பேசத் தொடங்கினாள். அவள் தாய் சால இலைகளைத் தைத்துத் தையல் இலைகளாக்கி, இருபது இருபதாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். இருபதுக்குச் சந்தாலியில் 'இஸி' என்று தனிச்சொல் உண்டு. இருபதின் கூட்டங்களாக எண்ணும் மரபும் அம்மொழிக்கு உண்டு. மூன்று கட்டுக்கு எவ்வளவு, நான்கு கட்டுக்கு எவ்வளவு என்பதை வாங்குபவர் சொல்வதற்கு முன்னால் தானே தாயிடம் சொல்ல வேண்டும். அடுத்த சந்தைக்குள் அது வேண்டும். இதுதான் அவள் இலக்கு.

இதைவிடச் செம்மையான இலக்கை எந்தப் பயிற்சிக் கையேடு எழுதிவிடும்? காலவரை உண்டு. அளவு உண்டு. நிறைவேறியதா என்று சரிபார்க்கும் வழி உண்டு. பெருக்கல் உண்டு, இருபதின் மடங்குகள் உண்டு. கையால் தொடும் பொருளும் உண்டு: அந்தத் தையல் இலைக் கட்டே. ஏமாற்றப்படாமல் இருத்தல் என்னும் பொருளாதார நியாயமும் உண்டு. தேசியக் கலைத்திட்ட வரைவு 2005-க்காக ஆர். ராமானுஜம் தலைமையில் உருவான கணிதக் கற்பித்தல் நிலையறிக்கை, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம் என்று கூறியது. அச்சிறுமியின் சிந்தனை ஏற்கெனவே அவ்வழியில் நடந்துகொண்டிருந்தது. நாம் அவளிடம் இந்தியில் உந்தீஸ் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எதிர்வாதங்களை அறிவேன். "ஓர் ஆசிரியர், பல வகுப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இலக்கு எப்படி?" ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் இலக்கு எழுத வேண்டாம் என்பதே என் கோரிக்கை. வாரத்துக்கு ஒரு முறை, 'இப்போது எனக்கு இது வரும். அடுத்து இது வர வேண்டும்' என்று இரண்டு வாக்கியங்களைப் பிள்ளைகள் தோழரிடம் சொல்லட்டும். அது ஆசிரியரின் சுமையைக் குறைக்கும். "ஆசிரியருக்குச் சந்தாலி தெரியாதே?" பத்து எண்ணுப்பெயர்களைக் கற்க ஒரு பிற்பகல் போதும், அவற்றைத் தம் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் வேறு ஊக்கம் தேவைப்படாது. "இந்தி தெரியாமல் அவர்கள் எப்படி முன்னேறுவார்கள்?" இந்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'பார் கெல் ஆரெ'யும் 'உந்தீஸு'ம் ஒரே குச்சிகளின் இரு பெயர்கள் என்று அறியும் பிள்ளை, இந்தியையும் உறுதியாகக் கற்கும். கூடவே எண் வேறு, எண்ணின் பெயர் வேறு என்னும் ஆழ்ந்த உண்மையையும் கற்கும்.

சட்டமும் கொள்கையும் தடையாக இல்லை. 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. கல்விக் கொள்கை 2020, இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஒடிசா பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜார்க்கண்டும் தொடக்க வகுப்புகளுக்கு அம்மொழிகளில் நூல்கள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தாய்மொழிக் கல்வி என்றதும் கதையும் பாட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. கணிதம் மொழியற்றது என்னும் மூடநம்பிக்கை இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை.

அந்த மூடநம்பிக்கைக்குக் கல்விப்புலத்தாராகிய நாமும் பொறுப்பு. மொழியியலாளர் எண்ணுப்பெயர்களைத் திரட்டி, வகைப்படுத்தி, அட்டவணையாக்கி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டு அடுத்த மொழிக்குப் போகிறார். கணிதக் கல்வியாளர் பொருள்களைப் பற்றி எழுதுகிறார். அப்பொருளைத் தொட்ட பிள்ளை எம்மொழியில் முணுமுணுத்தது என்பதைக் குறிப்பதில்லை. என் களக்குறிப்பேட்டிலும் 'பார் கெல் ஆரெ' முதலில் ஓர் உருபனியல் எடுத்துக்காட்டாகவே பதிவாகியிருந்தது. ஒரு சிறுமி ஒரு கட்டை அகற்றித் தன் விடையைத் திருத்திக்கொண்டாள் என்பதை ஓரத்தில்தான் எழுதியிருந்தேன். ஓரத்தில் எழுதியதே முதன்மைத் தரவு என்று உணர எனக்குச் சில வாரங்கள் ஆயின.

என் கோரிக்கைகள் நான்கு. கற்றல் பொருள்களை இருப்புப் பதிவேட்டின் சொத்துக் கணக்கிலிருந்து விடுவியுங்கள்; தேய்ந்தும் தொலைந்தும் போவதே அவற்றின் பயன்பாட்டுச் சான்று என்று விதி எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் வீட்டுமொழி எண்ணுப்பெயர்களை, பிள்ளைகளையே கேட்டு, சுவரில் எழுதுங்கள். அரசின் இலக்கை அரசின் இலக்கு என்றே அழையுங்கள்; பிள்ளையின் இலக்கைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். ஆய்வாளர்களே, அடுத்த முறை எண்ணுப்பெயர் திரட்டப் போகும்போது, திரட்டிய பட்டியலை வகுப்பறைக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

நான் புறப்பட்ட நாளில் ஆசிரியர் கரும்பலகையின் ஓரத்தில் மித், பார், பெ, பொன் என்று பத்துவரை தேவநாகரியில் எழுதியிருந்தார். ஓர் ஒலிப்பு தவறு என்று பிள்ளைகள் கூச்சலிட்டு அவரைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். உபகரணப் பெட்டி அப்போதும் பூட்டியேதான் இருந்தது.